கருந்துளைக் காற்றும் நட்சத்திரங்களின் பிறப்பும்

பங்குனி மாதத்து இரவில், புது தில்லி மோதி பாக் பகுதியின் மொட்டை மாடியொன்றில் நின்று வானை நோக்குபவருக்கு நட்சத்திரங்கள் மிகுதியாகத் தென்படுவதில்லை. தலைநகரின் விளக்கொளியும் தூசியும் மங்கலான மீன்களை மறைத்துவிடுகின்றன. ஆயினும், கிழக்கே எழுந்து நள்ளிரவை ஒட்டி ஏறக்குறையத் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும் சிம்ம ராசியை அவர் அடையாளம் கண்டுகொள்ளலாம். அதன் முற்பகுதியில் மகம், பிற்பகுதியில் பூரம், வால் நுனியில் உத்திரம். மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் அமைந்துள்ள அப்பகுதியில், பங்குனி உத்திரத்தைக் கொண்டாடும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த நட்சத்திரத்தின் பெயர் புதியதன்று.

அந்த உத்திரத்துக்கு அருகில், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஒரு நட்சத்திர மண்டலம் உள்ளது. வானநூலார் பட்டியலில் அதன் பெயர் என்.ஜி.சி. 3801. அதன் ஒளி பூமியை வந்தடைய ஏறக்குறைய 16 கோடி ஆண்டுகள் பிடிக்கின்றன. அம்மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் அருகிலிருந்து கிளம்பிய ஒரு சீற்றம், புதிய நட்சத்திரங்கள் பிறந்த வெளிப்புறப் பகுதிகளை நோக்கி விரைந்துகொண்டிருக்கிறது. அது இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அது சேரும்பொழுது அங்கு நட்சத்திரப் பிறப்பு நின்றுபோகக் கூடும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

விழுங்குவதற்கே பெயர்பெற்றது கருந்துளை. அத்தகைய பொருள் தன்னைச் சுற்றிலும் காற்றை வீசுவது எங்ஙனம்? அக்காற்று ஒரு மண்டலத்தின் எதிர்காலத்தையே நிர்ணயிப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களும் இன்றைய வானநூலின் முக்கியமான ஆராய்ச்சிப் பொருள்களாக விளங்குகின்றன.

நட்சத்திரம் பிறக்க வேண்டுவன

நட்சத்திரங்கள் வாயுவிலிருந்து பிறக்கின்றன. ஆனால் எல்லா வாயுவும் நட்சத்திரமாகிவிடுவதில்லை. வாயு குளிர்ந்திருக்க வேண்டும். அடர்ந்தும் இருக்க வேண்டும். நட்சத்திரங்கள் தோன்றும் மேகங்களின் வெப்பநிலை, பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 260 டிகிரி சென்டிகிரேடு. அந்தக் கடுங்குளிரில் வாயுவின் அழுத்தம் குறைந்து, ஈர்ப்புச் சக்தியின் கை ஓங்குகிறது. மேகம் தன் எடையாலேயே உள்நோக்கிச் சுருங்குகிறது; அதன் நடுப்பகுதி சூடேறி, அணுக்கள் இணையத் தொடங்கும்பொழுது ஒரு புதிய சூரியன் உதயமாகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். நட்சத்திரப் பிறப்பைத் தடுக்க இரண்டே வழிகள் போதும். ஒன்று, வாயுவைச் சூடாக்குவது. மற்றொன்று, அதை வெளியே துரத்திவிடுவது.

நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் மண்டலம் நீல நிறம் காட்டும். ஏனெனில் புதிதாகப் பிறந்த பெரிய நட்சத்திரங்கள் மிகுந்த வெப்பத்துடன் நீலமாக எரிகின்றன. அவற்றின் ஆயுளோ குறைவு. பிறப்பு நின்றுவிட்டால் நீல நட்சத்திரங்கள் விரைவில் மறைந்து, நெடுநாள் வாழும் செந்நிறச் சிறு நட்சத்திரங்களே எஞ்சுகின்றன. மண்டலம் சிவந்து முதுமை அடைகிறது. பெரிய நீள்வட்ட மண்டலங்களுட் பெரும்பாலானவை இவ்வாறு சிவந்து கிடக்கின்றன. அவற்றைச் சுற்றி ஏராளமான வாயு இருக்கிறது. அது குளிர்ந்து இறங்கிப் புதிய நட்சத்திரங்களை ஆக்கியிருக்க வேண்டும், ஆனால் ஆக்கவில்லை. மண்டலங்களின் வளர்ச்சியைக் கணினிகளின் துணையால் கணக்கிட்ட விஞ்ஞானிகள், வாயுவைச் சூடாக்கும் சக்தி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளாமல் கணக்குகள் உண்மையோடு பொருந்தா எனக் கண்டனர். அந்தச் சக்தியைத் தேடியபொழுதுதான் அவர்கள் கவனம் கருந்துளைகளின் மேல் சென்றது.

கடுகும் மண்டலமும்

ஏறக்குறைய ஒவ்வொரு பெரிய மண்டலத்தின் மையத்திலும் ஒரு மாபெருங் கருந்துளை இருக்கிறது. சூரியனும் பூமியும் அடங்கிய பால்வீதி மண்டலத்தின் மையத்தில் உள்ள கருந்துளை, 40 லட்சம் சூரியன்களின் பொருண்மை கொண்டது. இதனை நிறுவியதற்காக ரைன்ஹார்ட் கென்ஸெல், ஆண்ட்ரியா கெஸ் ஆகிய இருவரும் 2020-ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

40 லட்சம் சூரியன்கள் என்பது பெரிய தொகையாகத் தோன்றலாம். ஆயினும் அக்கருந்துளையின் குறுக்களவு சுமார் 2.4 கோடி கிலோமீட்டர் மட்டுமே. பால்வீதியின் குறுக்களவோ ஏறக்குறைய ஒரு லட்சம் ஒளியாண்டு. கருந்துளையை ஒரு கடுகு எனக் கொண்டால், அதே அளவுகோலில் பால்வீதி மண்டலம் பூமியைப்போல ஆறு மடங்கு அகலம் உடையதாக இருக்கும். ஒரு கடுகு ஆறு பூமிகளின் அகலத்தை ஆட்டிப் படைக்குமா?

படைக்கும் என்பதைக் கணக்கு காட்டுகிறது. சூரியனுக்குள் ஹைட்ரஜன் அணுக்கள் இணையும்பொழுது பொருளில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவான பகுதியே சக்தியாக மாறுகிறது. கருந்துளையை நோக்கி விழும் பொருளிலோ நூற்றுக்குச் சுமார் பத்துப் பங்கு சக்தியாக வெளிப்படக் கூடும். சூரியன் அளவு பொருள் ஒன்று கருந்துளைக்குள் விழுந்தால், சூரியன் தன் வாழ்நாளான 1,000 கோடி ஆண்டுகளில் வெளிவிடும் சக்தியைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட சக்தி வெளியாகும். கோடிக்கணக்கான சூரியன்களை உண்டு வளர்ந்த கருந்துளை வெளியிட்ட மொத்தச் சக்தி, அம்மண்டலத்தின் மையப் பகுதியையே சிதறடிக்கத் தேவையானதைவிடப் பன்மடங்கு மிகுதி. அதில் ஒரு சிறு பகுதி வாயுவின் மேல் செலுத்தப்பட்டாலே போதும்.

1998-ஆம் ஆண்டில் ஜோசப் சில்க், மார்ட்டின் ரீஸ் ஆகிய இருவரும் இக்கருத்தைக் கணித ரீதியாக எடுத்துரைத்தனர். கருந்துளை வளர வளர அதன் காற்று வலுக்கிறது. ஒரு வரம்பில் அக்காற்று மண்டலத்தின் வாயுவை வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் நட்சத்திரப் பிறப்பும் கருந்துளையின் உணவும் ஒருங்கே தடைப்படுகின்றன என்பது அவர்கள் கூற்றின் சாரம். மண்டலத்தின் மையப் புடைப்பிலுள்ள நட்சத்திரங்கள் எவ்வளவு விரைவாக இயங்குகின்றனவோ, அதற்கேற்ப மையக் கருந்துளையும் பெரிதாக இருக்கிறது என்பது 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று. கடுகுக்கும் மண்டலத்துக்கும் உறவு உண்டு என்பதற்கு இது வலிய ஆதாரம்.

காற்று எழும் விதம்

கருந்துளைக்குள் சென்ற பொருள் மீள்வதில்லை. ஆகவே காற்று அதன் உள்ளிருந்து வருவதன்று. வெளியே, விளிம்பை அடுத்த பகுதியிலிருந்து வருவது. கருந்துளையை நெருங்கும் வாயு நேராக உள்ளே விழாமல், நீர்ச்சுழியில் சிக்கிய துரும்பைப்போலச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு வட்டத் தட்டாக அமைகிறது. தட்டில் வாயு உராய்ந்து பல்லாயிரம், பல லட்சம் டிகிரி வெப்பம் அடைந்து கடுமையாக ஒளிர்கிறது. அந்த ஒளியின் அழுத்தமும், தட்டில் பின்னிக் கிடக்கும் காந்த விசையும் வாயுவின் ஒரு பகுதியை வெளியே உதைத்துத் தள்ளுகின்றன. இதுவே கருந்துளைக் காற்று.

இக்காற்று இரு வகைப்படும். ஒன்று, நாற்புறமும் பரந்து வீசுவது. மற்றொன்று, தட்டின் இரு பக்கங்களிலும் செங்குத்தாக, குழாய் நீரைப்போல் ஒடுங்கிப் பாய்வது. இதனைத் தாரை என்பர். முன்னதை எக்ஸ் கதிர்களாலும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியாலும் அறியலாம். பின்னது பெரும்பாலும் ரேடியோ அலைகளில் புலப்படும்.

காற்றின் வேகம் சாதாரணமானதன்று. பி.டி.எஸ். 456 என்னும் தொலைதூரக் குவேசாரிலிருந்து ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வேகத்தில் காற்று எல்லாத் திசைகளிலும் வீசுவதை 2015-ஆம் ஆண்டில் இரு எக்ஸ் கதிர்த் துணைக்கோள்கள் சேர்ந்து கண்டறிந்தன. அக்காற்று சீரான ஓட்டமன்று, வெவ்வேறு வேகத்துடன் பாயும் பல கட்டிகளின் தொகுதி என்பதை 2025-ஆம் ஆண்டில் ஜப்பானின் எக்ஸ்ரிஸம் துணைக்கோள் தெளிவாக்கியது.

வேகமான காற்று இருப்பது ஒன்று. அது நட்சத்திரங்களின் மூலப்பொருளை அப்புறப்படுத்துவது வேறொன்று. இரண்டாவதற்கும் சான்று கிட்டியுள்ளது. சப்தரிஷி மண்டலம் இருக்கும் திசையில், ஏறக்குறைய 60 கோடி ஒளியாண்டுத் தொலைவில் மார்க்கேரியன் 231 என்ற மண்டலம் உள்ளது. அதிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 700 சூரியன்களின் அளவு குளிர்ந்த வாயு வெளியேறுவதை 2010-ஆம் ஆண்டில் அளந்தனர். அங்கு ஆண்டுதோறும் நட்சத்திரமாக மாறும் வாயுவைவிட வெளியேறும் வாயு அதிகம். வரவைவிடச் செலவு மிகுந்த குடும்பத்தின் நிலையே அம்மண்டலத்தின் நிலையும் ஆகும். இந்த வீதத்தில் வாயு வெளியேறினால், ஒரு கோடி ஆண்டு அளவில் கையிருப்புத் தீர்ந்துவிடும்.

பெர்ஸியஸ் மண்டலக் கொத்தில் நிகழ்வது வேறு விதமானது. அங்கே தாரைகள் வாயுவைத் துரத்துவதில்லை, சூடாக்குகின்றன. வெப்ப வாயுவினுள் பெரிய குமிழிகள் ஊதப்பட்டுள்ளன. அவற்றைச் சுற்றி ஒலியலைகள் பரவுகின்றன. 2003-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அந்த ஒலியின் சுருதி, பியானோவின் நடு ஸ்தாயிக்கு 57 ஸ்தாயிகள் கீழே உள்ளது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகள் செல்லும். இவ்வலைகளைப் படம் பிடித்த எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயர். கருந்துளைகளின் கணித இயலை ஆழ்ந்து ஆராய்ந்தவரும், 1983-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற தமிழருமான சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது.

தில்லியில் இட்ட வித்து

தாரைகளைக் காண ரேடியோத் தொலைநோக்கிகள் தேவை என்று மேலே கண்டோம். அத்துறை இந்தியாவில் தழைத்ததற்கு மோதி பாக்கிலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, பூசா பகுதியிலுள்ள தேசியப் பௌதிக ஆராய்ச்சிச்சாலையே தொடக்கமாகும். அதன் முதல் இயக்குநர் தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் பிறந்த டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன். இன்று அது அமைந்துள்ள வீதிக்கு அவர் பெயரே வழங்குகிறது. 1952-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குச் சென்ற கிருஷ்ணன், அங்கு வளர்ந்துவந்த ரேடியோ வானநூலைக் கண்டு வியந்தார். மறு ஆண்டில், தம் ஆராய்ச்சிச்சாலையில் பணிபுரிந்த கோவிந்த் ஸ்வரூப் என்ற இளைஞர் பயிற்சிக்காக அங்கு சென்றார். ஆஸ்திரேலியர் அன்பளித்த 32 சிறு கிண்ண வடிவ வாங்கிகள் பின்னர் தில்லி வந்து சேர்ந்தன.

அந்த 32 கிண்ணங்களும் 1965-இல் பம்பாய்க்கு அருகிலுள்ள கல்யாணில் நிறுவப்பட்டுச் சூரியனை ஆராய்ந்தன. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த ஸ்வரூப், 1970-இல் உதகமண்டலத்து மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமுள்ள தொலைநோக்கியை அமைத்தார். அதன் பின் புனேயின் வடக்கே கோடத் கிராமத்தில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட மாபெரும் மீட்டர் அலை ரேடியோத் தொலைநோக்கி எழுந்தது. சுமார் 25 கிலோமீட்டர் பரப்பில் விரிந்த அக்கருவி, பழைய தாரைகள் விட்டுச்சென்ற மங்கிய ரேடியோக் குமிழிகளைக் காண்பதில் வல்லது. ஒரு கருந்துளை முன்பு எத்தனை முறை சீறி அடங்கியது என்பதை அக்குமிழிகளைக்கொண்டு கணக்கிடலாம்.

உத்திரத்தின் அருகே

இனி என்.ஜி.சி. 3801-க்குத் திரும்பலாம். இம்மண்டலம் முன்னொரு காலத்தில் இரு மண்டலங்கள் மோதி இணைந்ததனால் உருவானது. ஆனந்த ஹோதா என்ற இந்திய வானநூலாரும் அவருடைய குழுவினரும் 2012-ஆம் ஆண்டில் இதன் புற ஊதாப் படத்தை முதன்முதலாக ஆராய்ந்து வெளியிட்டனர். சிவந்து முதிர்ந்ததாகக் கருதப்பட்ட அம்மண்டலத்தில், சுருள் வடிவான ஓர் இழையில் இளம் நட்சத்திரங்கள் ஒளிர்வதை அப்படம் காட்டியது. அவற்றின் வயது 10 கோடி முதல் 50 கோடி ஆண்டு வரை.

அதே மண்டலத்தின் மையத்திலிருந்து இரு தாரைகள் கிளம்பியுள்ளன. அவற்றின் வயது சுமார் 24 லட்சம் ஆண்டுகளே. நட்சத்திரங்களின் வயதோடு ஒப்பிட்டால் இது நேற்று நடந்த செய்தி. தாரைகள் வாயுவை மோதித் தள்ளுவதால் அவற்றின் முன்னே அதிர்ச்சி அலை ஒன்று ஓடுபோல் விரிகிறது. வினாடிக்கு ஏறக்குறைய 850 கிலோமீட்டர் வேகத்தில் விரியும் அந்த ஓட்டைச் சந்திரா தொலைநோக்கி முன்னரே கண்டிருந்தது.

இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபொழுது உண்மை புலனாயிற்று. அங்கு நட்சத்திரப் பிறப்பு ஏற்கெனவே குறைந்துவிட்டது. வெளிப்புற வட்டத்தில் மட்டும் அதற்கு வேண்டிய வாயு எஞ்சியிருக்கிறது. அதிர்ச்சி அலை அவ்வட்டத்தை இன்னும் தொடவில்லை. அடுத்த ஒரு கோடி ஆண்டுக்குள் தொட்டுவிடும் என்பது ஹோதா குழுவினரின் முடிவு. வெள்ளம் வருமுன் வயலையும், வந்தபின் வண்டலையும் காண்பது எளிது. வெள்ளம் வரப்பை நெருங்கும் கணத்தைக் காண்பது அரிது. இம்மண்டலத்தின் சிறப்பு அதுவே.

ஒரு மண்டலத்தில் கண்டது எல்லாவற்றுக்கும் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். பெங்களூரிலுள்ள இந்திய வான்பௌதிக நிலையத்தின் ஆராய்ச்சியாளர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அண்மை மண்டலங்களை ஒப்பிட்டு 2025-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். கருந்துளைத் தட்டின் ஒளியே வாயுவை வெளியேற்றும் முதன்மைச் சக்தி. தாரையும் உடன் இருப்பின் வெளிப்பாய்ச்சல் மேலும் வலுவடைகிறது. அத்தகைய மண்டலங்களின் மையப் பகுதிகளில் நட்சத்திரப் பிறப்பு ஒடுங்குகிறது என்பன அவர்கள் கண்டவை.

அழிப்பதும் ஆக்குவதும்

காற்று எப்பொழுதும் பகையாகவே நிற்பதில்லை. ஊதினால் விளக்கு அணைகிறது. ஊதினால் அடுப்பு எரிகிறது. தாரை வாயுவைச் சிதறடிக்காமல் மெல்ல நெருக்கினால், மேகங்கள் அடர்ந்து புதிய நட்சத்திரங்கள் பிறக்கலாம். தென்வானில் சென்டாரஸ் ஏ என்னும் மண்டலத்தில், தாரை செல்லும் திசையில் இளம் நட்சத்திரங்கள் காணப்படுகின்றன. 2015-ஆம் ஆண்டில் இந்தியா ஏவிய ஆஸ்ட்ரோசாட் துணைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கி அவற்றைப் படம் பிடித்துள்ளது. ஹெனைஸ் 2-10 என்ற குறு மண்டலத்தில், கருந்துளையிலிருந்து சுமார் 500 ஒளியாண்டு நீளத்துக்கு நீண்ட வாயு இழை நட்சத்திரப் பிறப்பைத் தூண்டியிருப்பதாக 2022-இல் அறிவிக்கப்பட்டது.

எப்பொழுது அணைக்கும், எப்பொழுது மூட்டும் என்பது காற்றின் வேகம், வாயுவின் அடர்த்தி, மோதும் கோணம் ஆகியவற்றைப் பொறுத்தது. இவற்றை ஒரே விதிக்குள் அடக்கும் முயற்சி இன்னும் நிறைவு பெறவில்லை.

பால்வீதியும் இதற்கு விலக்கன்று. அதன் தட்டுக்கு மேலும் கீழும், ஒவ்வொன்றும் சுமார் 25,000 ஒளியாண்டு உயரமுள்ள இரு பெருங்குமிழிகள் இருப்பதை ஃபெர்மி துணைக்கோளின் பதிவுகள் 2010-இல் வெளிப்படுத்தின. அவை மையக் கருந்துளையின் பழைய சீற்றத்தின் அடையாளங்கள் எனப் பலர் கருதுகின்றனர். ஆயினும் மையத்திலிருந்து ஏறக்குறைய 27,000 ஒளியாண்டு தொலைவில், வாயு எஞ்சியிருந்த அமைதியான புறநகர்ப் பகுதியில் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியன் பிறந்தது. மையக் காற்று அதற்குமுன் வாயு முழுவதையும் துடைத்தெறிந்திருந்தால் சூரியன் இல்லை, பூமி இல்லை, வானத்தை நோக்கும் மனிதனும் இல்லை.

பல கண்களின் பணி

ஒரு கோடி ஆண்டு காத்திருந்து என்.ஜி.சி. 3801-இன் முடிவைக் காண எவராலும் இயலாது. எனவே விஞ்ஞானிகள் வேறு வழியை மேற்கொள்கின்றனர். ஓர் ஊரில் ஒரு நாழிகை மட்டுமே தங்கும் வழிப்போக்கனும், அங்குள்ள குழந்தைகளையும் இளைஞரையும் முதியோரையும் கண்டு மனித வாழ்வின் போக்கை ஊகித்துவிடலாம். அதுபோல, சீற்றம் தொடங்கிய மண்டலம், நடுவில் நிற்கும் மண்டலம், அடங்கிய மண்டலம் எனப் பலவற்றைத் தேடித் தொகுத்தால் முழு வரலாறும் தெரியும். இதற்கு லட்சக்கணக்கான படங்களைப் பொறுமையோடு பார்க்க வேண்டும்.

இப்பணியில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்ளும் முயற்சியை 2013-ஆம் ஆண்டில் ஹோதா தொடங்கினார். ராட் அட் ஹோம் என்ற அவ்வமைப்பில் பட்டதாரிகளும் மாணவர்களும் பயிற்சி பெற்று, ரேடியோப் படங்களையும் ஒளிப்படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஆராய்கின்றனர். ஒரு மண்டலத்தின் தாரை அண்டையிலுள்ள மற்றொரு மண்டலத்தின் மேல் மோதி, 4,40,000 ஒளியாண்டு அளவுள்ள காளான் வடிவக் குமிழியாக விரிந்திருக்கும் அரிய காட்சி இவ்வாறு கண்டறியப்பட்டது. ராட் 12 எனப்படும் அது, கோடத் தொலைநோக்கியால் உறுதி செய்யப்பட்டு 2022-இல் வெளியாயிற்று. தில்லியின் மோதி பாக்கிலோ திருநெல்வேலியிலோ வீட்டில் அமர்ந்தபடி ஒருவர் இப்பணியில் பங்கு கொள்ளலாம். அதற்குத் தெளிந்த வானமும் தேவையில்லை.

மாடியில் நிற்பவரின் வானத்துக்கு மீண்டும் வருவோம். உத்திரத்தின் அருகிலிருந்து இன்றிரவு வந்துசேரும் ஒளி, 16 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அலை வெளிவட்டத்தை அடைய வேண்டிய காலமோ ஒரு கோடி ஆண்டு. ஆகவே அங்கே நடக்க வேண்டியது நடந்து முடிந்து ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. நட்சத்திரப் பிறப்பு நின்றதா, நீடித்ததா என்ற செய்தி ஒளியின் வேகத்தில் வழியில் வந்துகொண்டிருக்கிறது. அது வந்து சேருமுன் விடையைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதே வானநூலாரின் முயற்சி.